நீரில் முகம் பார்த்த காலம்: வீட்டில் பீர் காய்ச்சிய கருவிகளின் வரலாறு

மதுவின் தீமைகளை இடையறாது எடுத்துரைக்கும் சீர்திருத்த ஏடொன்றில் பீர் காய்ச்சும் பாத்திரங்களைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசக அன்பர் சிலர் ஐயுறக்கூடும். தோட்டத்துக் கள்ளுக்கடையில் நம்மவரின் கூலி கரைந்து போன வரலாற்றை யாம் மறந்தோமில்லை. குடியைப் போற்றுவது எமது நோக்கமுமன்று. ஆயினும், ஒரு தொழில் யார் கையில் பிறந்தது, யார் கையில் வளர்ந்தது, பின்னர் எவ்வாறு வேறொருவர் கைக்குப் போயிற்று என்பதை அத்தொழிலின் கருவிகளைப் போல் தெளிவாகச் சொல்வது பிறிதொன்றில்லை. அரசர் பெயர்ப் பட்டியலும் போர்க்களக் கணக்கும் சொல்லாத செய்திகளைச் சட்டியும் பானையும் சொல்வதுண்டு. பீர் காய்ச்சிய கருவிகள் சொல்லுவது மாதர் வரலாறு. ஆகவே அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண், செய்முறையைச் சுருங்க அறிந்துகொள்வோம். பீர் என்பது சாராயத்தைப் போல் ஆவியாக்கி வடித்தெடுப்பதன்று. பார்லி தானியத்தை நீரில் ஊறவைத்து, முளை கண்டதும் உலர்த்தி வைப்பர். இதனை ஆங்கிலேயர் மால்ட் என்பர். முளைக்கும் தானியத்தினுள் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றவல்ல சத்து ஒன்று தோன்றுகிறது. மால்ட்டை நொறுக்கி, அளவான வெந்நீரில் ஊறவிட்டால் அச்சத்து வேலை செய்து, நீர் இனிப்பாகிறது. அவ்வினிப்பு நீரை வடித்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, நொதியாகிய ஈஸ்ட்டைச் சேர்த்தால், நொதியானது சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. அதன்பின் பீப்பாயில் அடைத்து வைக்க வேண்டியதே.

இதற்கு வேண்டிய கருவிகள் எவை? நீர் காய்ச்ச ஒரு கொப்பரை. மால்ட்டை ஊறவைக்க ஒரு தொட்டி. கிளறுவதற்கு ஒரு துடுப்பு. வடிகட்ட ஒரு கூடை அல்லது துணி. ஆறவைக்க வாயகன்ற தட்டைப் பாத்திரங்கள். புளிக்கவைக்க ஒரு தொட்டி. சேமித்துவைக்க ஒரு சாடி. இவற்றுள் சமையற்கட்டுக்குப் புதியது எது? ஒன்றுமில்லை. கஞ்சி காய்ச்சத் தெரிந்த கைக்கு இவை அனைத்தும் பழகிய பொருள்களே. இத்தொழில் எந்நாட்டிலும் அடுப்படியிலேயே பிறந்ததற்குக் காரணம் இதுவே.

நம் முன்னோரும் இம்முறையை அறிந்திருந்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அரிசியைக் களியாக அட்டு, வாயகன்ற பிழாவில் ஆறவிட்டு, முளை தானிய அடையை அதனுடன் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயையுடைய சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டில் அட்ட கள்ளுக்கும் அந்நூலில் இடமுண்டு. ஆறவைக்கப் பிழா, விளையவைக்கச் சாடி, பிழிய விரல்: முளை தானியத்தைக் கொண்டு மதுவாக்கும் இவ்வழி பார்லி நாடுகளுக்கே உரியதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, பழைய சுமேரிய நாட்டிற்குச் செல்வோம். அங்கே பீருக்கு நின்காசி என்றொரு பெண் தெய்வம் இருந்தது. கி.மு. 1800-ஐ ஒட்டிய களிமண் ஏடுகளில் அத்தெய்வத்தைப் போற்றும் பாடல் கிடைத்திருக்கிறது. அதனூடே காய்ச்சும் முறையும் வரிசையாகச் சொல்லப்படுகிறது. தெய்வத்தைப் பெண்ணாக்கிய மக்கள் தொழிலையும் பெண்ணிடத்திலேயே கண்டிருக்கின்றனர். கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில், மதுக்கடை நடத்துவோரைப் பற்றிய விதிகள் கடைக்காரப் பெண்களையே குறித்து எழுதப்பட்டிருக்கின்றன. விலைக்கு ஈடாகத் தானியம் பெறுவதில் வஞ்சனை செய்தால் அவளை நீரில் எறிய வேண்டுமாம். தொழில் அவளுடையது, தண்டனையும் அவளுடையதே, சட்டம் எழுதிய கைதான் வேறு.

எகிப்தில் மெக்கெத்ரே என்னும் பிரபுவின் கல்லறையிலிருந்து, கி.மு. 1980-ஐ ஒட்டிய காலத்து மரப்பொம்மைகள் 1920-இல் எடுக்கப்பட்டன. ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் ரொட்டி சுடுகின்றனர். மறுபக்கம் பீர் காய்ச்சுகின்றனர். மாவும், பானையும், தொட்டியும் இரண்டுக்கும் பொது. ரொட்டியும் பீரும் ஒரே அடுப்பின் இரு பிள்ளைகள் என்பதை இப்பொம்மைகள் நாலாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இனி இங்கிலாந்தின் நிலையைக் காண்போம். இத்தொழில் பெண்ணின் கையைவிட்டு நழுவிய வரலாறு அங்கே ஏடுகளில் தெளிவாகப் பதிந்திருப்பதே அந்நாட்டை எடுத்துக்கொள்ளக் காரணம். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுக் கிராமங்களில் ஏல் என்னும் பானத்தைக் காய்ச்சியோர் பெரும்பாலும் குடும்பப் பெண்களே. ஏல் சில நாள்களுக்குள் கெட்டுப்போகும். ஆகவே ஒருத்தி தன் வீட்டுக்குக் காய்ச்சி, மிகுந்ததை அண்டை அயலாருக்கு விற்பாள். அடுத்த வாரம் இன்னொருத்தி காய்ச்சி விற்பாள். விற்பனைக்கு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கோலை நட்டு அதில் தழைக்கொத்தைக் கட்டுவாள். ஊர் அதிகாரி வந்து சுவைத்துத் தரத்தையும் விலையையும் பார்ப்பார். காய்ச்சும் பெண்ணைக் குறிக்க ‘புரூஸ்டர்’ என்று ஒரு தனிச்சொல்லே அம்மொழியில் வழங்கிற்று. பின்னர்க் குடும்பப் பெயராக மட்டும் அது எஞ்சிற்று. சொல் மெலிந்ததும் தொழில் கைமாறியதும் உடன்நிகழ்ச்சிகளே. ஜூடித் பென்னட் என்னும் வரலாற்றாசிரியை 1996-இல் வெளியிட்ட நூல் 1300 முதல் 1600 வரை நிகழ்ந்த இம்மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது.

கைமாற்றத்திற்கு வழி திறந்தது ஒரு சிறு பூ. ஹாப் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் பானம் கசப்பேறுவதோடு நெடுநாள் கெடாமலும் இருக்கும். இதனையும் எழுதிவைத்த முன்னோருள் ஒருவர் பெண்ணே. ஜெர்மனி நாட்டுத் துறவியாகிய ஹில்டகார்ட் 12-ஆம் நூற்றாண்டிலேயே ஹாப்பின் இக்குணத்தைக் குறித்திருக்கிறார். 1400-ஐ ஒட்டி, கடலுக்கு அப்பாலுள்ள தாழ்நாடுகளிலிருந்து ஹாப் சேர்த்த பீர் இங்கிலாந்திற்கு வந்தது. 1574-இல் ஹாப் தோட்டம் பற்றி நூலெழுதிய ரெஜினால்ட் ஸ்காட் கூறும் கணக்கைக் கேளுங்கள். ஒரு புஷல் மால்ட்டிலிருந்து ஏல் காய்ச்சினால் 8 அல்லது 9 கேலனே கிடைக்கும். அதே மால்ட்டிலிருந்து பீரானால் 18 அல்லது 20 கேலன் எடுக்கலாம். ஏல் கெடாமலிருக்க அதனைக் காரமாகக் காய்ச்ச வேண்டும். பீரையோ ஹாப் காக்கும் ஆதலின், இலேசாகக் காய்ச்சினும் நிற்கும்.

இதன் விளைவு யாது? நெடுநாள் நிற்கும் பண்டத்தைத் தொலைவுக்கு அனுப்பலாம்; படைக்கும் கப்பலுக்கும் விற்கலாம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும்; பல பீப்பாய் வேண்டும்; விற்றுக் காசாகும்வரை காத்திருக்க முதலும் வேண்டும். அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி, மணமான பெண்ணின் பொருள் கணவனுக்குரியது. அவள் பெயரில் கடன் கிடைப்பதரிது. 1418 முதல் எழுதப்பெற்ற இலண்டன் காய்ச்சுவோர் சங்கக் கணக்கில் பெண்களும் பணம் செலுத்திய உறுப்பினராகக் காணப்படுகின்றனர்; சங்கத்தை ஆளும் பதவிகளிலோ அவர்களைக் காணோம். 1540-இல் செஸ்டர் நகரத்தார், 14 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட பெண் எவளும் ஏல் விற்கக்கூடாதென்று ஆணையிட்டனர். ஒழுக்கத்தைக் காப்பதே காரணம் என்றனர். ஒழுக்கத்தின் பெயரால் பறிக்கப்படும் பிழைப்பு பெரும்பாலும் பெண்ணின் பிழைப்பாகவே இருப்பதை அன்பர்கள் நம் சமூகத்திலும் கண்டிருப்பீர்கள்.

விற்பனை பறிபோயிற்று, ஆனால் வீட்டுக்குக் காய்ச்சும் கடமை மட்டும் அவளிடமே விடப்பட்டது. 1615-இல் ஜெர்வேஸ் மார்க்கம் ‘ஆங்கில இல்லத்தரசி’ என்னும் நூலை வெளியிட்டார். மால்ட் செய்வதும் பீர் காய்ச்சுவதும் நல்ல மனையாளுக்குரிய திறமைகளுள் அடங்கும் என்று அதில் விரித்துரைத்தார். ஆதாயம் வரும்போது ஆணின் வாணிகம். ஆதாயமில்லாதபோது பெண்ணின் குணநலம்!

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, வில்லியம் காபெட் என்னும் அரசியல் சீர்திருத்தக்காரர் 1821-இல் ‘குடிசைப் பொருளாதாரம்’ என்னும் நூலைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். நூலின் முதற்பொருளே வீட்டில் பீர் காய்ச்சுவதுதான். நாற்பதாண்டுகளுக்கு முன்பு ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் காய்ச்சினர். இப்போதோ காய்ச்சுவோரே அரிது என்று வருந்தினார். மால்ட்டின்மீதும் ஹாப்பின்மீதும் விதித்த வரியே குடியானவனைக் கடைக்கு ஓட்டிற்று என்று சினந்தார். அவர் தரும் கருவிப் பட்டியல் இது: 40 கேலன், அதாவது ஏறத்தாழ 180 லிட்டர் கொள்ளும் கொப்பரை ஒன்று; மால்ட்டை ஊறவைக்க 60 கேலன் தொட்டி ஒன்று; வடியும் நீரை ஏந்த அதன்கீழ் வைக்கும் தட்டைத் தொட்டி ஒன்று; புளிக்கவைக்க 30 கேலன் தொட்டி ஒன்று; ஓரடி ஆழமுள்ள ஆற்றுத்தொட்டிகள் இரண்டு; பின்னர்ப் பீப்பாய்கள். சுமேரியப் பெண் இன்று எழுந்துவந்தாலும் இவற்றுள் ஒன்றன் பயனையும் கேட்டறிய வேண்டியிராது.

ஆயினும் அந்நூலில் ஓரிடம் எம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது. மால்ட்டை இடும்போது நீரின் சூடு உஷ்ணமானியில் 170 டிகிரி, அதாவது நாம் இன்று வழங்கும் அளவில் 77 டிகிரி, இருக்க வேண்டுமென்று காபெட் கூறுகிறார். குளிர்ந்த மால்ட் சேர்ந்ததும் சூடு தணிந்து, மாப்பொருள் சர்க்கரையாக மாறுதற்குரிய நிலைக்கு வந்துவிடும். கொதிநீரையே ஊற்றினால் அம்மாற்றத்தைச் செய்யும் சத்து அழிந்துபோம். நீர் ஆறிவிட்டிருந்தாலோ அது சரிவர வேலை செய்யாது. உஷ்ணமானி இல்லாதவர் என் செய்வது? தொட்டியைக் குனிந்து பார்க்க வேண்டும். ஆவி அடங்கி, நீரில் தன் முகம் தெளிவாகத் தெரியும்போது சூடு சரியாகிவிட்டதென்று கொள்ள வேண்டும். பன்னெடுங்காலமாக நல்ல பீர் இவ்விதியைக் கொண்டே காய்ச்சப்பட்டது என்கிறார் அவர்.

அவ்வாறு குனிந்து பார்த்த முகங்களுள் எத்தனையெத்தனை பெண்முகங்கள்! அவர்களுக்கு எண் தெரியாது, எழுத்தும் தெரியாது, ஆனால் நீரின் பக்குவம் தெரியும். தொட்டியைக் கொதிநீரால் கழுவி வெயிலில் காயவைத்தால் பானம் கெடாதென்று தெரியும். ஏன் என்று தெரியாது. முன்பு காய்ச்சியதன் நுரையில் சிறிது எடுத்துப் புதியதில் இட்டால் பொங்கும் என்று தெரியும். பொங்குவது யாதென்று தெரியாது. 15-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்நுரைக்கு ‘கடவுள் நல்லவர்’ என்னும் பொருள்படப் பெயர் வழங்கிற்று. காரணம் அறியாத இடத்தில் கடவுளை நிறுத்துவது உலகத்து வழக்கம் போலும்!

அறியாமை கற்பிக்கப்படாததன் விளைவேயன்றிப் பெண்ணின் இயல்பன்று. ஆண்களும் தொடக்கத்தில் அறிவுக்கருவிகளை வரவேற்றார்களில்லை. மைக்கேல் கொம்புரூன் 1758-இல் காய்ச்சும் தொழிலைப் பற்றி எழுதிய நூலில் உஷ்ணமானியின் பயனை எடுத்துரைத்தார். ஆல்ட்டன் என்னும் ஊரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்னும் இளைஞர் உஷ்ணமானியைத் தம் தந்தைக்குத் தெரியாமல் மறைத்துவைத்தே பயன்படுத்தினார். தந்தையார் புதுமையை வெறுத்தவர். பின்னர் அவ்விளைஞர் திரவமானி என்னும் மிதவைக் கருவியைக் கொண்டு இனிப்பு நீரின் அடர்த்தியை அளக்கத் தொடங்கினார். 1784-இல் ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் காய்ச்சுவோருக்கென்றே அமைந்த இனிப்புமானியை விளக்கி நூல் வெளியிட்டார்.

இச்சிறு கருவி ஒரு பெரிய உண்மையைக் காட்டிற்று. கருக வாட்டிய மலிவான மால்ட்டைவிட, விலை மிகுந்த வெளிர் மால்ட்டே அதிக இனிப்பைத் தருகிறது. ஆகவே கணக்கிட்டுப் பார்த்தால் அதுவே மலிவு. நாவால் சுவைத்து அறிய முடியாத கணக்கை மிதவை அறிந்து சொல்லிற்று. அளவை அறிந்தவன் குறைந்த செலவில் காய்ச்சினான். அறியாதவளின் பீர் விலை மிகுந்ததாயிற்று. முதலும் சட்டமும் முன்னரே அவளைக் கடைத்தெருவிலிருந்து அகற்றியிருந்தன. அளவையோ இப்போது அடுப்படியிலும் அவளைத் தோற்கடித்தது.

கருவிகள் எவ்வளவு பெருத்தன என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 1814 அக்டோபர் 17-ஆம் நாள், இலண்டனில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையருகே இருந்த மியூக்ஸ் கம்பெனியின் காய்ச்சுசாலையில் 22 அடி உயரமுள்ள மரத்தொட்டி ஒன்று வெடித்தது. அதனைச் சுற்றியிருந்த இரும்பு வளையம் ஒன்று சற்று நேரத்திற்கு முன்பே கழன்று விழுந்திருந்தது. இது வழக்கமாக நேர்வதுதானென்று விட்டுவிட்டனர். ஒரு இலட்சம் கேலனுக்கு மேற்பட்ட பீர் சுவரை இடித்துக்கொண்டு, பின்புறத்திலிருந்த ஏழைகளின் நிலவறை வீடுகளில் புகுந்தது. எண்மர் மாண்டனர். மாண்டோர் அனைவரும் பெண்களும் குழந்தைகளுமே. தற்செயலான விபத்தென்று விசாரணையில் தீர்ப்பாயிற்று. கம்பெனிக்கு, செலுத்திய தீர்வை ஈடு செய்யப்பட்டது. ஒருகாலத்தில் பெண்ணின் இடுப்புயரத்திற்கு மேற்படாத தொட்டி, அவள் கைவிட்டுப் போனபின் அவள் வீட்டையே மூழ்கடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். பொங்குவது கடவுளின் நன்மையன்று, உயிருள்ள நுண்பொருளென்று 1837-இல் அறிஞர் சிலர் கண்டனர். லூயி பாஸ்டர் 1871-இல் இலண்டனிலுள்ள விட்பிரட் காய்ச்சுசாலைக்குச் சென்று, பூதக்கண்ணாடியின் கீழ் ஈஸ்ட்டை வைத்துக் குறைகளைக் காட்டினார். 1876-இல் பீரைப் பற்றிய தமது ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். 1883-இல் எமில் ஹான்சன் கோப்பன்ஹேகனில் ஒரே இனத்து ஈஸ்ட்டைத் தனித்துப் பிரித்து வளர்த்தார். தொட்டியைக் கொதிநீரால் கழுவிய கிழவியின் வழக்கத்திற்கு அன்றுதான் காரணம் கிடைத்தது; ஆனால் அதனைக் கேட்க அவள் அங்கே இல்லை. 1880-இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கிப் பீர்மீது வரி வைத்தபோது, வீட்டிற்கென்று காய்ச்சுவோரும் உரிமச்சீட்டு வாங்க வேண்டுமென்று விதி வந்தது. அது 1963-இல் நீங்கும்வரை இங்கிலாந்தில் வீட்டுக் காய்ச்சல் ஏறக்குறைய மறைந்தே கிடந்தது. அமெரிக்காவில் 1920-இல் தொடங்கிய மதுவிலக்கு 1933-இல் முடிந்தும், வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு அனுமதி கிடைக்கவில்லை. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979-இல் நடைமுறைக்கு வந்த பிறகே அது கிடைத்தது.

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வீட்டில் காய்ச்சுவோர் இன்று வைத்திருக்கும் கருவிகளைப் பாருங்கள். ஒரு பெரிய பாத்திரம், ஊறவைக்க ஒரு தொட்டி, ஒரு துடுப்பு, வடிகட்ட ஒரு துணிப்பை, புளிக்கவைக்க மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி, மாற்றி ஊற்ற ஒரு குழாய், புட்டிகள். அளவும் பெரும்பாலும் 23 லிட்டர். காபெட்டின் கொப்பரையில் எட்டில் ஒரு பங்கு. பழைய பட்டியலோடு ஒப்பிட்டால் கூடியிருப்பவை நான்கே. வாளியின் மூடியில் செருகிய நீர்ப்பூட்டு, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாது. கிருமிநீக்கும் மருந்து, கொதிநீர் செய்த வேலையைச் செய்கிறது. உஷ்ணமானி, நீரில் முகம் பார்த்த வேலையைச் செய்கிறது. திரவமானி, தொடக்கத்தில் 1.040 என்றும் முடிவில் 1.010 என்றும் காட்டினால், பீரில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு சாராயச் சத்து உண்டென்று கணக்காகிறது. எண் மேலும் இறங்காமல் நின்றால் புளிப்பு முடிந்ததென்றும், புட்டியில் அடைத்தால் வெடிக்காதென்றும் தெரிகிறது. பெருமுதலாளிகளின் சாலைக்குள் அடைபட்டிருந்த அளவைகள் மலிவு விலைக்கு வந்து மீண்டும் அடுப்படியில் நிற்கின்றன.

இவ்வரலாற்றினின்று யாம் கொள்ளும் கருத்து பீரைப் பற்றியதன்று. பெண்ணிடத்தில் திறமை இல்லாமையால் அத்தொழில் அவளைவிட்டுப் போகவில்லை. சொத்துரிமை இல்லை, ஆகவே பெரிய கொப்பரை வாங்க முடியவில்லை. சங்கத்தில் அதிகாரம் இல்லை, ஆகவே விதி எழுதும் இடத்தில் இருக்க முடியவில்லை. கல்வி இல்லை, ஆகவே கண்ணாடிக் குழாயிலிருந்த எண்ணைப் படிக்க முடியவில்லை. இம்மூன்றும் இல்லாத கைத்திறன், எவ்வளவு பழமையானதாயினும், எவ்வளவு நுட்பமானதாயினும், பிறன் ஒருவன் வந்து எடுத்துக்கொள்ளும்வரைதான் உடையவளிடம் இருக்கும்.

நம் வீடுகளில் இட்லி மாவின் பொங்கு பதத்தை விரல் நுனியில் அறிந்த தாய்மார் எத்தனை பேர்! ஊறுகாய்க்கும் வடகத்திற்கும் கைப்பக்குவம் கண்ட பாட்டிமார் எத்தனை பேர்! அவர்களுடைய அறிவைக் கைராசி என்று சொல்லி நாம் கடந்து போகிறோம். அது கைராசியன்று, எழுதிவைக்கப்படாத அறிவியல். அதனை எழுதிக்கொள்ளும் கல்வியும், அதனால் வரும் வருவாயைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும் உரிமையும் அவர்தம் பெண்மக்களுக்கு உண்டா என்பதே கேள்வி. நீரில் முகம் பார்த்து நின்றவளின் கையில் அன்றே ஓர் உஷ்ணமானியையும் கொடுத்து, அதனைப் படிக்கவும் கற்பித்திருந்தால், இங்கிலாந்தில் இத்தொழிலின் வரலாறு வேறாக இருந்திருக்கக்கூடும். நம் பெண்மக்களுக்கு அதனைக் கொடுக்க இன்னும் காலம் கடந்துவிடவில்லை.